முப்பத்திரண்டு பார்

முப்பத்திரண்டு பார் என்று அவர் சொன்னபோது
பிரிகேட் ரோட்டைத்தான் நினைத்தேன்.
டெஸ்மண்ட் லோபோ சிரிக்கவில்லை.
பியானோ மூடியின் தூசியில் விரலால்
நான்கு பெட்டி வரைந்தார். எட்டு, எட்டு, எட்டு, எட்டு.
மூன்றாவதில் மட்டும் வேறு வீட்டுக்குப் போய்விட்டு
நான்காவதில் திரும்பி வரணும், என்றார்,
போன ஆளாக வரக் கூடாது.

காக்ஸ் டவுனில், பல் மருத்துவர் ஒருவரின் மாடியில்
சனிக்கிழமைதோறும் எழுதினோம்.
கீழே துளைக்கும் சத்தம்
ஜி ஷார்ப்பில் இருக்கிறது என்பார்.
அவருக்கு மெட்டு, எனக்குச் சொல்.
ஃபாஸ்டேக் வருவதற்கு முந்தைய வருஷம்,
எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துச் சுங்கச்சாவடியில்
சில்லறை எண்ணும் ஒருத்தியின் கதை.

அமெரிக்காவில் இப்படித்தான், என்று ஆரம்பிப்பார்.
போனதில்லை.
இசைத்தட்டு உறைகளின் பின்பக்கத்தைப்
படித்துப் படித்தே அங்கே குடியேறியவர்.
ஒரு தெரு முழுக்கப் பியானோவாம்,
ஜன்னலுக்கு ஓர் ஆள் உட்கார்ந்து பாட்டு விற்றானாம்.
பெரிய ஊருக்கு வருமுன் சின்ன ஊர்களில் போட்டுப் பார்த்து
எடுபடாத பாட்டைப் பெட்டிக்குள் எறிவார்களாம்.
எழுதியவன் அழ மாட்டானா?
அழுவான், ஓட்டல் அறையில்.
விடிவதற்குள் இன்னொன்று எழுதியாகணுமே.

சண்டை ரைமில் தொடங்கியது.
அவருக்கு வரியின் வாலில் மணி கட்ட வேண்டும்.
எனக்கோ இரண்டாம் எழுத்தில்தான் காது.
சில்லறை என்று எடுத்தால்
அடுத்த அடி நில்லென்று நிற்கும், அதுவே போதும்.
அவர் கட்டைவிரலை வரிக்கடைசியில் ஊன்றி
இங்கே, இங்கே, என்பார்.
அதற்கும் இயைபு என்று பெயர் இருக்கிறது.
என் வீட்டுக்கு விருந்தாளியாக வரும்,
சமையல்கட்டுக்குள் விட்டதில்லை.

பிறகு அந்த உச்ச ஸ்வரம்.
கனடா போய்விடலாம் என்று அவன் கேட்க
அவள் ஒற்றைச் சொல்லில் பதில் தர வேண்டும்.
சரி, என்று எழுதியிருந்தேன்.
இ-யில் தொண்டை மூடிக்கொள்ளும், பெனிட்டா பாவம், என்றார்.
அதுவும் ஒரு குறிலை எட்டு எண்ணிக்கைக்கு இழுப்பதா?
ஆ கொடு. வா, தா, நிலா, எதுவானாலும்.

அவள் வா என்று சொல்ல மாட்டாள், டெஸ்மண்ட்.
கண்ணாடி ஓட்டையில் நீளும் கைக்கெல்லாம்
ஒன்பது வருஷமாகச் சரி, சரி என்று பழகிய வாய்.
அதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை,
மீதிப் பணம் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

மூன்று சனிக்கிழமைகள் அதிலேயே போயின.
நாலாவதில் பெனிட்டா எங்களை உட்காரச் சொல்லிவிட்டுப்
பாடிக் காட்டினாள்:
உதட்டில் இ, உள்ளே ஆ-வுக்கான இடம்.
கீழே துளைக்கும் சத்தம் நின்றது.
யாருடைய பல்லோ தப்பித்தது.

முதல் காட்சிக்கு முந்தின இரவு கணக்குப் பார்த்தார்கள்.
பள்ளிக்கூட அரங்கு, ஒன்பதரைக்குப் பூட்டணும்,
பதினொரு நிமிஷம் அதிகம்.
நடனத்திலும் நகைச்சுவையிலும் ஏழு நிமிஷம் சுரண்டினார்கள்.
மீதி நாலுக்கு எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள்,
அப்புறம் என்னை.
டெஸ்மண்ட்தான் சொன்னார், அந்தப் பாட்டு, என்று,
தன் பல்லைத் தானே பிடுங்குகிறவர் போல.
நான் வண்டிச் சாவியைத் தேடினேன். கையில்தான் இருந்தது.

மறுநாள், இருட்டில் இரண்டு பையன்கள்
அட்டைச் சாவடியை உருட்டிக்கொண்டு போக
சக்கரம் கிறீச்சிட,
காட்சி மாறும் வரை நிரப்ப அந்த மெட்டு மட்டும்.
அதுவும் கடைசி எட்டு பார்.
கிளாரினெட் உச்சிக்கு ஏறியது.
அதற்கு இ தெரியாது, ஆ தெரியாது.
பக்கத்து இருக்கைக்காரர் போனில் மணி பார்த்தார்.

போன் வெளிச்சம் தாண்டி, மேடை ஓரத்தில்
டெஸ்மண்டின் முகம்.
வாய் இரு பக்கமும் இழுபட்டு, பல் தெரிய.
சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.
எட்டு எண்ணும் வரை
அந்த உதடு மூடவில்லை.